ஊருக்குப் போனாலும் வாடாத செடிகள்

வேலைக்குப் போகிறவர்கள் ரோஜாத் தொட்டி வாங்கி மல்லுக்கட்டுவதைவிடக் கற்பூரவல்லியில் தொடங்கலாம். காசு கொடுத்து வாங்கக்கூட வேண்டாம். பக்கத்து வீட்டில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு கொப்பு கேட்டு வாங்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மண்ணில் செருகினால் வேர் பிடித்துவிடும். தடித்த இலை நீரைச் சேர்த்து வைத்திருப்பதால் நாலைந்து நாள் தண்ணீர் காட்டாவிட்டாலும் தாங்கும்.

இந்த மாதிரிச் செடிகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். மண்ணுக்குள் விரலை ஒரு கணு அளவு விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம். நுனியை அவ்வப்போது கிள்ளினால் செடி அடர்ந்து வளரும். கிள்ளிய இலையை பஜ்ஜி மாவில் தோய்த்துவிடலாம்!

வெயில் அதிகம் எட்டாத கூடத்துக்குப் பாம்புக் கற்றாழை. மாதம் இரண்டு முறை தண்ணீர் போதும். நாய், பூனை கடிக்காத இடமாக வையுங்கள். மொட்டை மாடி வெயிலுக்கு டேபிள் ரோஸ்.

அரளியும் லேசில் வாடாதுதான். ஆனால் இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.