டார்சியரும் தேவாங்கும்

கேள்வி: டிவியில் டார்சியர் என்ற குட்டி விலங்கைக் காட்டினார்கள். நம்ம ஊர் தேவாங்குதானே அது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. பெரிய கண், இரவு நடமாட்டம் என்று பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. டார்சியர் பிலிப்பைன்ஸ், போர்னியோ, சுமத்ரா, சுலவேசி காடுகளில் வாழ்வது. உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் ஒரு கண்ணே அதன் மூளையளவு! அந்தக் கண்ணை உருட்ட முடியாது. அதனால் ஆந்தையைப் போலத் தலையையே முதுகுப்பக்கம் திருப்பிப் பார்க்கும். தேவாங்கு நிதானமாகக் கிளைபற்றி நகரும். இதுவோ நீண்ட கணுக்கால் எலும்புகளின் பலத்தில் மரத்துக்கு மரம் தாவும். வெட்டுக்கிளி, பல்லி, சில சமயம் சிறு பறவை என முழுக்க அசைவம். குரங்கினத்தின் உறவுகளில் இலை, பழம் பக்கமே போகாதது இது மட்டும்தான். பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் நேரில் பார்க்கலாம். பகல் அதற்குத் தூங்கும் நேரம். தயவுசெய்து ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.