கணிப்பொறி நிரல்களில் பிழை காணும் முறை

கணிப்பொறி செய்ய வேண்டிய பணிகளை வரிசையாகக் கூறும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். மனிதர் படித்தறியத்தக்க மொழியில் எழுதப்பெறும் நிரலைக் கணிப்பொறி நேரே புரிந்துகொள்வதில்லை. அந்நிரலைப் பொறிமொழியாக மாற்றித் தருவது கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி. மாற்றப்பெற்ற பகுதிகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஓடத்தக்க ஒரே கோப்பாக ஆக்குவது லிங்கர் எனப்படும் இணைப்பி. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இடையில் நிறுத்தி அதன் உள்நிலையை ஆராய உதவுவது டிபக்கர் எனப்படும் பிழைகாண் கருவி. இம்மூன்றும் தனித்தனிப் பணிகளைச் செய்கின்றன. ஆகவே, ஒரு நிரல் செயற்படாதபோது, அது எந்த நிலையில் தடைப்பட்டது என்பதே முதலில் அறியத்தக்கதாகும். அது தெரிந்த அளவில், தேட வேண்டிய இடம் பெரிதும் சுருங்கிவிடும்.

1. திருவனந்தபுரமும் பள்ளிக் கணிப்பொறிக் கூடங்களும்

இப்பாடத்திற்குரிய சிறந்த எடுத்துக்காட்டு கேரள மாநிலத்துப் பள்ளிகளில் கிடைக்கின்றது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை 2001-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. அதே காலத்தில் கேரள அரசு தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பின்னர்ப் பள்ளிகளில் க்னூ லினக்ஸ் இயக்க முறைமையைப் பரப்பியது. 2017-இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. மேல்நிலை வகுப்புகளின் கணிப்பொறியியல் பாடத்தில் சி++ மொழியைப் பயிற்றுவதற்கு, ஜி.சி.சி. என்னும் கட்டற்ற நிரல்பெயர்ப்பியும், நிரலை எழுதித் திருத்துவதற்கு ஜீனி என்னும் மென்பொருளும் பாடநூலில் இடம் பெற்றன.

அதற்கு முன்னர், நாட்டின் பிற பகுதிகளைப் போலவே, டாஸ் இயக்க முறைமையில் ஓடும் டர்போ சி++ பரவலாகப் பயன்பட்டு வந்தது. அது 1990-இல் வெளிவந்தது. சி++ மொழிக்கு உலகத் தரம் வகுக்கப்பெற்றதோ 1998-இல். பழைய நூல்களையும் குறிப்பேடுகளையும் பார்த்து எழுதப்பெறும் நிரல்கள் புதிய நிரல்பெயர்ப்பியில் ஓடாமற்போவதற்கு இந்த இடைவெளியே காரணம். நிரலில் குற்றமா, கருவியில் குற்றமா என்று அறியாத மாணவன் தன் அறிவிலேயே குறையுண்டு என முடிவு செய்துவிடுகின்றான். செய்முறை வகுப்பில் ஆசிரியர் தடுக்க வேண்டிய இழப்பு இதுவே.

2. மூன்று நிலைகள், மூன்று விசைகள்

ஜீனி மென்பொருளில் மூன்று விசைகள் மூன்று பணிகளுக்கென அமைந்துள்ளன. எஃப் 8 விசை நிரலைப் பெயர்ப்பதோடு நின்றுவிடும். எஃப் 9 விசை பெயர்த்து, இணைத்து, ஓடத்தக்க கோப்பை உண்டாக்கும். எஃப் 5 விசை அக்கோப்பை ஓட்டும். எனவே பிழையின் இடத்தை அறிவதற்கு இவ்விசைகளே போதிய அளவுகோலாகும்.

எஃப் 8 அழுத்தியபோதே பிழை தோன்றினால் அது பெயர்ப்பு நிலைப் பிழை. எஃப் 8 வெற்றி பெற்று எஃப் 9 தோல்வியுற்றால் அது இணைப்பு நிலைப் பிழை. இரண்டும் வெற்றி பெற்று, எஃப் 5 அழுத்திய பின் நிரல் இடையில் நின்றாலோ, முடிவின்றி ஓடினாலோ, தவறான விடை தந்தாலோ அது ஓட்ட நிலைப் பிழை.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. எஃப் 5 விசை நிரலை மீண்டும் பெயர்ப்பதில்லை. முன்பு உண்டான கோப்பையே ஓட்டுகின்றது. நிரலைத் திருத்திய மாணவன் எஃப் 9 அழுத்த மறந்து எஃப் 5 அழுத்தினால் பழைய விடையே வரும். திருத்தம் பயன்படவில்லை எனக் கருதி, சரியான திருத்தத்தையும் அவன் அழித்துவிடக்கூடும். “திருத்தினேன், மாற்றமில்லை” என்று மாணவன் கூறும்போது, ஆசிரியர் முதலில் வினவ வேண்டியது எஃப் 9 அழுத்தப்பெற்றதா என்பதாகும்.

3. பெயர்ப்பு நிலைப் பிழைகள்

நிரல்பெயர்ப்பி தரும் செய்தியில் நான்கு உறுப்புகள் உண்டு: கோப்பின் பெயர், வரி எண், அவ்வரியில் எத்தனையாவது எழுத்து என்பது, செய்தி. செய்தி ‘எரர்’ எனத் தொடங்கினால் பிழை. ‘வார்னிங்’ எனத் தொடங்கினால் எச்சரிக்கை. பிழையிருப்பின் கோப்பு உண்டாகாது. எச்சரிக்கை மட்டுமே இருப்பின் கோப்பு உண்டாகும். ஆனால் ஐயத்திற்குரிய ஓரிடம் உள்ளதெனக் கொள்ள வேண்டும்.

குறிக்கப்பெறும் வரி எண், எப்போதும் பிழை செய்யப்பட்ட இடமாக இருப்பதில்லை. நிரல்பெயர்ப்பி அதனை உணர்ந்த இடமே ஆகும். ஐந்தாம் வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டிருப்பினும், ஆறாம் வரியின் முதற்சொல்லைக் கண்ட பின்னரே அதற்கு ஐயம் எழும். ஆகவே குறித்த வரியில் குற்றம் காணப்படாவிடின் அதற்கு முந்தைய வரியைப் பார்த்தல் வேண்டும்.

ஒரே ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் இருபது, முப்பது பிழைச் செய்திகள் தோன்றக்கூடும். இவற்றுள் முதற்செய்தியே நம்பத்தக்கது. ஏனையவை அதன் விளைவாக எழுந்தவையாக இருக்கலாம். முதற்பிழையை மட்டும் திருத்தி, மீண்டும் பெயர்த்துப் பார்ப்பதே முறை. கடைசிச் செய்தி திரையின் அடியில் கண்ணுக்கெதிரே நிற்பதால் மாணவர் அதிலிருந்தே தொடங்குவர். இவ்வழக்கத்தை முதல் வாரத்திலேயே மாற்றுதல் நலம்.

டர்போ சி++ நிரல்களைப் புதிய கூடத்தில் பெயர்க்கும்போது நான்கு தடைகள் அடிக்கடி நேர்கின்றன.

(அ) ‘ஐயோஸ்ட்ரீம்.எச்’ என்னும் தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி. 1998-ஆம் ஆண்டுத் தரத்தின்படி அதன் பெயர் வெறும் ‘ஐயோஸ்ட்ரீம்’ ஆகும், ‘.எச்’ நீக்கப்பட வேண்டும்.

(ஆ) ‘ஸீ-அவுட்’ அறிவிக்கப்படவில்லை என்ற செய்தி. புதிய தரத்தில் அச்சொல் ‘எஸ்.டி.டி.’ என்னும் பெயர்வெளிக்குள் அமைந்துள்ளது. அப்பெயர்வெளியைப் பயன்படுத்துவதாக நிரலின் தொடக்கத்தில் ஒரு கூற்று எழுதுதல் வேண்டும்.

(இ) ‘கோனியோ.எச்’ கிடைக்கவில்லை என்ற செய்தி. இது டாஸ் முறைமைக்கென அமைந்த கோப்பு. மொழியின் தரத்தைச் சேர்ந்ததன்று. திரையைத் துடைக்கும் கட்டளையும், விசை அழுத்தும்வரை காத்திருக்கும் கட்டளையும் இதனைச் சார்ந்தவை. பெரும்பாலான பயிற்சி நிரல்களில் இவ்விரு கட்டளைகளையும் நீக்கிவிடலாம்.

(ஈ) ‘மெயின்’ செயற்கூறு ‘இன்ட்’ வகை மதிப்பைத் தர வேண்டும் என்ற செய்தி. ‘வாய்ட் மெயின்’ என்று எழுதும் பழைய வழக்கத்தை ஜி.சி.சி. ஏற்பதில்லை.

இந்நான்கும் மாணவனின் சிந்தனைப் பிழைகள் அல்ல. மொழியின் வரலாற்றால் நேர்ந்தவை. இதனை ஆசிரியர் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

4. இணைப்பு நிலைப் பிழைகள்

ஒவ்வொரு நிரலும் தன்னிடம் இல்லாத சில செயற்கூறுகளை வெளியிலிருந்து வேண்டி நிற்கும். தலைப்புக் கோப்பு அச்செயற்கூறு உண்டு என்று உறுதி கூறுமே தவிர, செயற்கூற்றையே கொண்டிருப்பதில்லை. விருந்துக்கான அழைப்பிதழ் வேறு, விருந்து வேறு என்பது போன்றது இது. அழைப்பிதழைக் கண்டு நிரல்பெயர்ப்பி நிறைவடைகின்றது; விருந்து உண்மையில் எங்குள்ளது என்று தேடிப் பிடிப்பது இணைப்பியின் கடமை. தேடிக் கிடைக்காவிடில் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்ற செய்தி வரும். குறிக்கப்பெற்ற பெயருக்கு உரிய பொருள் எங்கும் இல்லை என்பது அதன் கருத்து.

இதற்குரிய எளிய எடுத்துக்காட்டு ‘மெயின்’ என்னும் பெயரின் எழுத்துகள் இடம் மாறி எழுதப்படுவதாகும். அவ்வாறு எழுதினும் நிரல்பெயர்ப்பி குறை கூறாது. எப்பெயரிலும் ஒரு செயற்கூற்றை எழுத உரிமையுண்டு. ஆனால் நிரலைத் தொடங்குவதற்கு ‘மெயின்’ என்னும் செயற்கூற்றை நாடும்போது இணைப்பி அதனைக் காணாது நின்றுவிடும்.

மற்றோர் எடுத்துக்காட்டு சி மொழியில் வர்க்கமூலம் காண்பதாகும். இதற்குரிய செயற்கூறு கணித நூலகத்தில் உள்ளது. லினக்ஸில் கட்டளையின் இறுதியில், நிரற்கோப்பின் பெயருக்குப் பின், சிறுகோட்டுடன் ‘எல்எம்’ என்னும் குறியைச் சேர்த்தாலன்றி அந்நூலகம் இணைக்கப்படாமற் போகலாம். குறியை முன்னால் எழுதினும் பல கணிப்பொறிகளில் பிழை நீங்குவதில்லை. இணைப்பி இடமிருந்து வலமாகத் தேடுவதே காரணம். வியப்பான செய்தி ஒன்றுண்டு. நிரலில் 9 என்னும் எண்ணையே எழுதி அதன் வர்க்கமூலம் கேட்டால் பிழை தோன்றாது. நிரல்பெயர்ப்பி விடையைத் தானே கணக்கிட்டு வைத்துவிடுகின்றது. எண்ணை விசைப்பலகை வழியாகப் பெறுமாறு மாற்றிய உடனே பிழை தோன்றும். “நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லை” என்னும் புதிர்கள் சில இத்தகையவை.

சி++ நிரலை ‘ஜி++’ கட்டளைக்குப் பதிலாக ‘ஜி.சி.சி.’ கட்டளையால் உருவாக்க முற்படின், பெயர்ப்பு நிறைவேறினும் இணைப்புத் தோல்வியுறும். சி++ மொழியின் தர நூலகம் தானே சேர்க்கப்படாததே காரணம். இந்நிலையில் நிரலின் எந்த வரியைத் திருத்தினும் பயனில்லை. இணைப்பு நிலைப் பிழைகள் பலவற்றிற்குத் தீர்வு நிரலில் இல்லை, கட்டளையில் உள்ளது. ஆய்வுக்கூடங்களுக்குச் செல்லும் களப்பணியாளர் ஜீனியின் கட்டளை அமைப்பை முதலில் பார்வையிடுதல் நன்று.

5. ஓட்ட நிலைப் பிழைகள்

இவையே மிகவும் கவனத்திற்குரியவை. ஏனெனில் இங்கு எச்செய்தியும் வராமலே விடை தவறாகலாம்.

காரணீயப் பெருக்கம் காணும் நிரலை எடுத்துக்கொள்வோம். டர்போ சி++ ‘இன்ட்’ வகை எண்ணுக்கு 2 பைட் இடம் ஒதுக்கியது. அதில் அடங்கும் பேரெண் 32,767. 8-இன் காரணீயப் பெருக்கம் 40,320 ஆதலின், அந்நிரல் -25,216 என்று விடை தரும். குறை எண்ணைக் கண்டதும் எவரும் ஐயுறுவர். ஜி.சி.சி. 4 பைட் ஒதுக்குகின்றது. அடங்கும் பேரெண் 2,147,483,647. எனவே 12 வரை விடை சரியாக வரும். 13-இன் காரணீயப் பெருக்கம் 6,227,020,800. ஆனால் திரையில் பொதுவாகத் தோன்றுவது 1,932,053,504. இது குறை எண்ணன்று. பார்வைக்குப் பொருத்தமாகவே உள்ளது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மாணவன் அடுத்த கணக்கிற்குச் சென்றுவிடுவான்.

இப்பிழையைக் கண்டறியக் கணிப்பொறி தேவையில்லை. 1 முதல் 13 வரையுள்ள எண்களின் பெருக்கத்தில் 5, 10 ஆகிய இரண்டும் இருப்பதால் விடை இரண்டு சுழியங்களில் முடிதல் வேண்டும். 04-இல் முடியும் எண் விடையாக இருத்தல் இயலாது. விடையைப் பெற்றபின் அதன் பொருத்தத்தை வேறு வழியில் சோதிக்கும் பழக்கம் எந்த மென்பொருளாலும் தரப்படுவதன்று. ஆசிரியரால் மட்டுமே தரப்படுவது.

இத்தகைய பிழையின் விலை பெரிதாகலாம். 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதற்பயணத்தில் சுமார் 40 நொடிகளில் அழிந்தது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடக்க முயன்றதே அதற்குக் காரணமென ஆய்வுக் குழு கண்டது. 16 பிட் என்பது டர்போ சி++ ஒதுக்கிய அதே 2 பைட் ஆகும். அப்பகுதி முந்தைய ஏரியான் 4-இல் குறையின்றிப் பணியாற்றிய மென்பொருள்; பெயர்ப்பிலும் இணைப்பிலும் எக்குறையும் இருக்கவில்லை. புதிய ராக்கெட்டின் வேகம் பழைய எல்லையைக் கடந்தபோதுதான் அது வெளிப்பட்டது. தும்பாவிலிருந்து 1963-இல் முதல் ராக்கெட் ஏவப்பெற்ற திருவனந்தபுரத்தில் பயிலும் மாணவருக்கு இந்நிகழ்ச்சி எளிதில் மனத்திற் பதியும்.

ஓட்ட நிலையில் நிரல் திடீரென நின்று ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று கூறுவதும் உண்டு. தனக்குரியதல்லாத நினைவக இடத்தை நிரல் தொட முயன்றது என்பது இதன் பொருள். டாஸ் முறைமையில் நினைவகத்திற்கு இத்தகைய காவல் இல்லை. பிழையுள்ள நிரலும் ஓடியது போலத் தோன்றும். லினக்ஸில் காவல் உண்டு. பழைய கூடத்தில் ஓடிய நிரல் இங்கு நின்றுவிட்டால், பிழை புதிதாக உண்டாயிற்று என்று கருதலாகாது. முன்பே இருந்த பிழை இப்போது வெளிப்பட்டது எனக் கொள்ள வேண்டும்.

6. பிழைகாண் கருவியைப் பயன்படுத்தல்

ஜி.சி.சி.யுடன் இயைந்து பணியாற்றும் கருவி ஜி.டி.பி. ஆகும். நிரலைப் பெயர்க்கும்போது சிறுகோட்டுடன் சிற்றெழுத்து ‘ஜி’ என்னும் குறியைச் சேர்த்தால், வரி எண்களும் மாறிகளின் பெயர்களும் கோப்பில் பதிவாகும். பின்னர் ஐந்து கட்டளைகள் தொடக்கப் பயிற்சிக்குப் போதும். ‘பிரேக்’ குறித்த வரியில் நிறுத்தும், ‘ரன்’ ஓட்டும், ‘நெக்ஸ்ட்’ ஒரு வரி முன்செல்லும், ‘பிரின்ட்’ மாறியின் அப்போதைய மதிப்பைக் காட்டும், ‘பேக்ட்ரேஸ்’ எச்செயற்கூறு எதனை அழைத்து இவ்விடம் வந்தது என்று காட்டும்.

கருவியை இயக்கும் முன், அவ்விடத்தில் மாறியின் மதிப்பு என்னவாக இருக்க வேண்டும் என்று மாணவன் தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். எழுதிய மதிப்பும் திரையில் தோன்றும் மதிப்பும் முதன்முதலாக வேறுபடும் வரியிலோ, அதற்குச் சற்று முன்னரோ பிழை உள்ளது. எதிர்பார்ப்பை எழுதாமல் கருவியை இயக்குவது, சரியான எடை தெரியாமல் தராசைப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

7. ஆசிரியர் கவனத்திற்கு

பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வருவதால், தமிழ் வழியிலோ மலையாள வழியிலோ பயிலும் மாணவர் அவற்றைப் படியாமலே விடுகின்றனர். அடிக்கடி தோன்றும் பத்துச் செய்திகளைத் தாய்மொழிப் பொருளுடன் எழுதிக் கூடத்தின் சுவரில் மாட்டி வைத்தல் பயன் தரும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்யப்பட வேண்டும். மூன்று இடங்களை ஒருங்கே மாற்றிப் பிழை நீங்கினால், எது காரணமென அறிய இயலாது. ஆசிரியர் விசைப்பலகையைத் தாம் வாங்கித் திருத்திக் கொடுத்தலைத் தவிர்த்து, எந்த நிலையில் நின்றது, முதற்செய்தி யாது என்னும் இரு வினாக்களைக் கேட்டு விலகி நிற்பாராக.

பயிற்சிகள்

1. சரியாக ஓடும் நிரல் ஒன்றில், ஓர் அரைப்புள்ளியை நீக்கி எஃப் 8 அழுத்துக. எத்தனை செய்திகள் வருகின்றன? முதற்செய்தி குறிக்கும் வரி யாது?

2. ‘மெயின்’ என்னும் பெயரைச் சிதைத்து, எஃப் 8, எஃப் 9 ஆகியவற்றை முறையே அழுத்தி, இரண்டின் விளைவையும் ஒப்பிடுக.

3. காரணீயப் பெருக்க நிரலில் 10 முதல் 15 வரை விடை காண்க. ஒவ்வொரு விடையும் எத்தனை சுழியங்களில் முடிய வேண்டும் என்று முன்னரே எழுதி, தவறானவற்றைப் பிரித்துக் காட்டுக.

4. மூன்று பாட மதிப்பெண்களின் சராசரியை ‘இன்ட்’ வகையில் கணக்கிட்டால் பின்னப்பகுதி மறைவது ஏன் என விளக்குக. இது மேற்கூறிய எந்த நிலைப் பிழை?