அரிசாகா சேகரிக்க வரும் தம்பிகளுக்கு

1. முதலில் சட்டம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது. ஜப்பானிய ராணுவத்தின் அரிசாகா ரைஃபிளைப் பழைய பொருள் என்று சொல்லி உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஜப்பானிலும் இவற்றைத் தனியார் சேகரிக்க வழியில்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டு ஆசைப்படுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுங்கள்.

2. ஜப்பானிய ஆண்டுக் கணக்கைப் பழகுங்கள்; மெய்ஜி, தைஷோ, ஷோவா எல்லாம் பேரரசர்களின் ஆட்சிக்காலப் பெயர்கள். வகை 38 ரைஃபிள் மெய்ஜி 38, அதாவது 1905, 6.5 மி.மீ. தோட்டா. வகை 99-க்கு ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2599 கணக்கு, நமக்கு 1939, 7.7 மி.மீ. வகை 14 நம்பு கைத்துப்பாக்கி தைஷோ 14, அதாவது 1925. அந்தக் கைத்துப்பாக்கியின் வலப்பக்கத்தில் 16.8 என்று பொறித்திருந்தால் ஷோவா 16, எட்டாம் மாதம். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டுங்கள்: 1941 ஆகஸ்ட்.

3. எல்லோரும் முதலில் தேடுவது ரிசீவரின் (குழலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் இரும்பு உடல்) மேலிருக்கும் பதினாறு இதழ்ச் சாமந்தியை. பேரரசரின் உடைமை என்பதற்கான முத்திரை அது. 1945-இல் ஜப்பான் சரணடைந்து ஒப்படைத்த ரைஃபிள்கள் பலவற்றில் அதை அரைத்து எடுத்துவிட்டார்கள். பூ முழுசாக இருந்தால் பெரும்பாலும் போர்க்களத்தில் கைப்பற்றியது என்று கொள்வார்கள், விலையும் ஏறும். விலை ஏறும் இடத்தில் கள்ளம் வராமல் இருக்குமா? அரைத்த இடத்தில் புதுப்பூ பொறித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பூவைச் சுற்றி இரும்பு லேசாகக் குழிந்திருக்கிறதா, அந்த வட்டத்தில் மட்டும் கருநீலப் பூச்சின் நிறம் மாறுகிறதா, இதழின் ஓரம் மற்ற எழுத்துகளைவிடப் புதிதாகத் தெரிகிறதா? ஒன்று சந்தேகமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், அரைத்த பூவுள்ள ரைஃபிளை நான் ஒரு படி மேலாகவே மதிப்பேன். ஒரு பேரரசு தோற்ற நாளின் தழும்பு அந்த இரும்பில் இருக்கிறது. அதைச் சரிசெய்கிறேன் என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

4. எண் பொருத்தம் பாருங்கள். ரிசீவரின் இடப்பக்கத்தில் இருக்கும் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கம் போல்ட் கைப்பிடியின் அடியில் இருக்க வேண்டும். போருக்குப் பின் போல்ட்டைத் தனியாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றும்போது ஒன்றுக்கொன்று மாறிப்போனது ஏராளம்.

5. பின்கட்டையின் கீழ்ப்பகுதியில் நீளமாக ஒரு கோடு ஓடும். விரிசல் என்று பயப்பட வேண்டாம். மரத்தை மிச்சப்படுத்த இரண்டு துண்டுகளை இணைத்துத்தான் செய்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். அந்தப் பழைய அரக்குப் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான்.

6. 1944, 45-இல் செய்த கரடுமுரடான வகை 99-ஐ ஏளனம் செய்யாதீர்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் குழலின் உட்புறம் குரோமியப் பூச்சு, விமானத்தைக் குறிபார்க்க மடக்கு இறக்கைகள், கம்பிக் கால் எல்லாம் இருந்தன. பொருள் தட்டுப்பாடு முற்ற முற்ற ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் இரும்புத் தகட்டுக்குப் பதில் பின்கட்டையில் ஒரு மரப்பலகையை ஆணியடித்து அனுப்பினார்கள். ஆரம்பக் காலத்தது ஒன்றும் கடைசிக் காலத்தது ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் போரின் போக்கு புரியும்.

7. சுடும் ஆசை இருந்தால் நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் சுடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்காகச் செய்த ரைஃபிள்கள் பார்க்க அசல் மாதிரியே இருக்கும். வெற்றுத் தோட்டாவுக்கு மட்டுமே ஆனவை, உண்மைத் தோட்டா போட்டால் வெடித்துச் சிதறும். வேறு தோட்டாவுக்காக, தோட்டா அமரும் சேம்பரைக் கடைந்து மாற்றியவையும் உண்டு. வகை 94 கைத்துப்பாக்கியில் இடப்பக்கம் வெளியே தெரியும் பட்டையை அழுத்தினாலே ட்ரிகர் தொடாமல் வெடிக்கக்கூடும்.

8. சுவரில் மாட்டி வீரம் பேச வேண்டாம். போரின்போது ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களைக் காவல் காத்த ராணுவத்தின் ஆயுதம் இது.

9. போரிலிருந்து அதை எடுத்துவந்த அமெரிக்க வீரரின் குடும்பத்தாரிடம் வாங்கினால் எந்தப் படைப்பிரிவு, எந்தத் தீவு என்று கேளுங்கள். ஊருக்கு எடுத்துப்போக அதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு பழைய பெட்டியில் கிடக்கிறதா என்றும் விசாரியுங்கள். கிடைத்தால் அதையும் சேர்த்தே வாங்குங்கள். விற்கும்போதும் ரைஃபிளையும் சீட்டையும் பிரிக்காதீர்கள்.