இரண்டு தரம் போட்ட கோச்சிப் பாதை



நானுஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சின்னக் கோச்சி ஓடிய கதையை நம்ம பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீங்க. லொறியும் றோட்டும் வந்த பிறகு, 1948இல் அதை மூடிவிட்டார்கள். அது திரும்பி வரவே இல்லை. ஆனால் வடக்கே ஒரு பாதை, அழிந்த பிறகும் திரும்பி வந்தது. இம்முறை அதைப் பற்றிப் படிப்போம்.

தனித்து நின்ற துண்டு

1902 மார்ச்சில் காங்கேசன்துறையில் இருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரை 21 மைல் நீளத்துக்குப் புகையிரதப் பாதை திறந்தார்கள். அதே வருஷம் அது பளை வரை நீண்டது. ஆனால் கொழும்புப் பாதையோடு அதற்குத் தொடர்பே இல்லை! தெற்கில் இருந்து வந்த பாதை 1904இல்தான் அநுராதபுரத்தைத் தொட்டது. 1905 ஆகஸ்டில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன.

கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று யாழ்ப்பாணத்துக்கு வடக்கே வரிசையாகச் சின்ன ஸ்டேஷன்கள். அதைத் தாண்டினால் காங்கேசன்துறை, அப்புறம் கடல்தான். வெங்காயம், புகையிலை விளைகிற கிராமங்கள் அவை. காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. அந்தச் சீமெந்தும் இந்தப் பாதையால் தெற்கே போச்சு. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது.

பாதை போன கதை

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டது. கோச்சி நின்று போச்சு. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போயின. ஸ்டேஷன்கள் கூரை இழந்தன. காங்கேசன்துறைப் பக்கத்துச் சனங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

யுத்தம் 2009இல் முடிந்தது. இந்தியக் கடனுதவியோடு, இர்கொன் என்ற இந்திய நிறுவனம் பாதையைப் புதுசாகப் போட்டது. 2014 மார்ச்சில் பளைக்கும், அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் கோச்சி வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு அப்போதும் சொந்தக் காணி திரும்பக் கிடைக்கவில்லை. கோச்சி வந்து சேர்ந்தது, வீட்டுக்காரர் வந்து சேரவில்லை.

நமக்கு என்ன பாடம்?

1990இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளை, சொந்த ஊரில் கோச்சியைப் பார்க்க 24 வயசு வரை காத்திருக்க வேண்டி வந்தது. தண்டவாளத்தைக் கழற்றுவது சில நாள் வேலை. திரும்பப் போட ஒரு தலைமுறை ஆகிறது. நம்ம தோட்டத்துப் பாதை, பாடசாலை, தண்ணீர்க் குழாய் எல்லாமே அப்படித்தான். இருக்கும்போதே காப்பாற்றுவோம்.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

1. வடக்குத் துண்டும் தெற்குப் பாதையும் எந்த வருஷம் சேர்ந்தன?
2. இராகலைப் பாதை ஏன் மூடப்பட்டது? யாழ்ப்பாணப் பாதை ஏன் நின்றது?
3. உங்க லயத்தில் உள்ள பெரியவர்களிடம் அவங்க போன முதல் கோச்சிப் பயணத்தைக் கேட்டு எழுதுங்க.