முழங்காலுக்கு ஏற்ற கோட்டைகள்

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குக் கோட்டை காட்ட ஆசை. காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். செஞ்சி மலை ஏற என் முழங்கால் இடம் தராது. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, தாம்பரம்

உண்டு அம்மா. மலையை விட்டுவிட்டுக் கடற்கரைக்கு வாருங்கள். விடியற்காலையிலேயே கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலில் கடப்பாக்கம் அருகே உள்ள ஆலம்பரைக்குப் போய்விடுங்கள். அங்கே நிழல் கிடையாது. வெயில் ஏறுமுன் பார்த்தால்தான் சுகம். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குக் கிடைத்த கோட்டை அது. பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். கழிமுகத்தை ஒட்டி நிற்கும் செங்கல் சுவர்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். மேலே மட்டும் ஏறவிடாதீர்கள். நாணயச்சாலை இருந்த இடம் என்று சொல்லுங்கள், கண்கள் விரியும்.

திரும்பும் வழியில், கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை. துணி வாணிபத்துக்கு வந்தவர்கள் கட்டியது. உள்ளே சமதரைதான். டச்சுக் கல்லறைகளின் செதுக்கு வேலையை நின்று நிதானமாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் சிறந்த காட்சி அதுதான்.

1752இல் கிளைவ் பிடித்த செங்கல்பட்டுக் கோட்டைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். ரயிலில் போகும்போது கொளவாய் ஏரியோடு சேர்த்துக் காட்டுங்கள், போதும்.

குடையும் தண்ணீரும் மறக்காதீர்கள். சாப்பாட்டை மாமல்லபுரத்தில் வைத்துக்கொள்ளலாம்.