ஐந்து நட்சத்திரமும் பத்து கிராம் காயும்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போடிமெட்டில் உன் ஏலக்காய்க் கடையில் டீ குடித்தபடி கல்லாவில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன்: 'கூகுளில் 5 ஸ்டார் போட்டுக் காட்டினால் 10 கிராம் ஏலக்காய் இலவசம்.' 17 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கிறுகிறுத்துப்போன ஒரு அம்மா, குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே 'சூப்பர் குவாலிட்டி' என்று தட்டிப் போனை நீட்டினார். வாங்கிய பொட்டலத்தை அவர் இன்னும் பிரிக்கவே இல்லை.

காய் நல்ல காய்தானே என்பாய். இருக்கட்டும். போடியில் பிறந்தவனுக்கு மாதிரி என்றால் என்னவென்று சொல்ல வேண்டுமா? ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் தட்டில் வரும் மாதிரியைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். விமர்சனமும் மாதிரிதான். உன் இலவசம் அதைப் பொறுக்கிவிடுகிறது. 'போன தடவை பாதிக்குப் பாதி பிளந்த காய்' என்று சொல்ல வந்தவர், பத்து கிராமை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார். எந்த ஸ்டோரில் உலர்த்திய காய் அது என்று நீ விசாரிக்க வழியே இல்லை.

நான் யோக்கியன் இல்லை. உன் வயதில் விருதுநகர்க் கடை ஒன்றுக்கு 8 எம்.எம். காயாகப் பொறுக்கி மாதிரி அனுப்பினேன். மூட்டையில் போனது கலப்பு. திட்டிக் கடிதம் வரும் என்றிருந்தேன். மூட்டையே வந்தது, என் மாதிரிப் பொட்டலத்தை வாயில் கட்டி. லாரி வாடகையும் என் தலையில்.

பரிசோ தள்ளுபடியோ கொடுத்து எழுத வைப்பதே கூடாது என்பது கூகுள் விதி. 'நல்லதோ கெட்டதோ எழுதுங்க' என்று அட்டையை மாற்றினாலும் அது தப்புதான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தர விதியைக் கொண்டுவந்தது, அப்போது கட்டாயமாக்கவில்லை. அமெரிக்காவில் பாராட்டினால்தான் பரிசு என்பதற்கு 2024 அக்டோபர் முதல் தடை. இதெல்லாம் வக்கீல் பேச்சு. காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றக் கூடாது என்றும்தான் சட்டம் இருக்கிறது, ஏற்றுகிறவன் ஏற்றுகிறான்.

இலவசக் காயை நிறுத்தாதே. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வருகிறவர் கையில் இரண்டு காய் வை, நசுக்கி முகரட்டும். போனைப் பற்றி மூச்சு விடாதே. 'வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், குறை இருந்தாலும்' என்று பொட்டலத்தின் மேல் அச்சடி. மாதம் நாலு பேர் எழுதினால் அதிகம். அதில் ஒருவர் பிளந்த காயைச் சொன்னால், ஸ்டோர்காரரிடம் காட்ட உன் கையில் ஒன்று இருக்கும்.

அடுத்த தடவை டீக்குக் காசு வாங்கிக்கொள். அன்றைக்கு நீ வாங்க மறுத்ததால்தான், பால் லேசாகத் தீய்ந்திருந்ததைச் சொல்லாமல் மலையிறங்கிவிட்டேன்.