வெட்டுக்குத்துச் செய்திக்குப் போகும் புதிய நிருபர்களுக்கு

சங்கரன்கோவில், புளியங்குடி, திருவேங்கடம் பக்கம் எங்கே தகராறு என்றாலும் இப்போது முதலில் போய் நிற்பது செல்போனும் மைக்குமாக அலையும் இளவட்டங்கள்தான். தம்பி, தங்கச்சிகளே, இந்தத் தொழிலில் மூத்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன். நம் பக்கத்தில் ஒரு வெட்டை எப்படிச் செய்தியாக்குகிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த வெட்டு விழுவதும் விழாமல் போவதும் இருக்கிறது.

1. “இரு தரப்பினர் மோதல்” என்று எழுதினால் வம்பில்லை என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கலவரம் நடக்கிற இரவில் சாதிப் பெயரைத் தவிர்ப்பது சரிதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் பெரிய அநியாயமும் ஒளிந்துகொள்ளும். 1995 ஜூலையில் நமக்குப் பக்கத்து வீரசிகாமணியில் பேருந்து ஓட்டுநருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் வந்த தகராறு, சாதிக் கலவரமாகித் தென்மாவட்டங்கள் முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நடந்ததோ வேறு. சுமார் 600 போலீசார் ஊருக்குள் புகுந்தார்கள். தேவேந்திரகுல மக்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. அதை மோதல் என்று எழுதினால் அது பொய். அடித்தது யார், அடிபட்டது யார் என்று விசாரித்து உறுதிசெய்தபின் தயங்காமல் எழுதுங்கள்.

2. தேதியில் கவனம் வேண்டும். கொடியங்குளத்தை நினைவூட்டிய மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ படம் 2021 ஏப்ரலில் வந்தபோது, கதை நடக்கும் ஆண்டாக 1997 காட்டப்பட்டது. உண்மையில் 1995இல் நடந்தது அ.தி.மு.க. ஆட்சி, 1997இல் தி.மு.க. ஆட்சி. உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்டியதும் ‘90களின் பிற்பகுதி’ என்று மாற்றினார்கள். அதுவும் சரியில்லைதான். படத்துக்குக் கற்பனை என்ற சலுகை உண்டு. நமக்கு அது கிடையாது. ஆண்டு மாறினால் பழி ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்கு மாறிவிடும்.

3. வெட்டியவனுக்கு மேடை போட்டுக் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அரிவாளோடு எடுத்த ரீல்ஸ், பின்னணியில் சாதிப் பாட்டு, அவனுக்கு ஒரு பட்டப்பெயர் என்று நாம் காட்டினால், அதைப் பார்க்கிற பதினாறு வயதுப் பையனுக்கு அவன் கதாநாயகனாகிவிடுகிறான். வெறி பிடித்தவனுக்குக் கொலை மட்டும் போதாது, அதைப் பார்க்க ஆள் வேண்டும். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்ற வெள்ளை இனவெறியன், சுட்டுக்கொண்டே ஃபேஸ்புக்கில் நேரலை ஓட்டினான். அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை முதல் 24 மணி நேரத்தில் நீக்கியதாக அந்த நிறுவனம் சொன்னது. அத்தனை பிரதிகளை ஏற்றியவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள் இல்லை. ஆனால் அவன் கேட்ட வேலையைச் செய்து கொடுத்தார்கள். அவன் பெயரை ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன். நம் ஊரில் வெட்டியவன் பெயரை எஃப்.ஐ.ஆரில் உள்ளபடி ஒருமுறை போடுங்கள், போதும். பட்டப்பெயர், ஃபிளெக்ஸ் படம், பழிக்குப் பழி சபதம் எதுவும் வேண்டாம்.

4. அப்படியானால் கொடுமையான படம் எதையும் காட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் வேன் மேல் ஏறித் துப்பாக்கியால் குறிபார்த்த காவலரின் காட்சியை நாடே பார்த்தது. பார்த்திருக்கவும் வேண்டும். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தபோது, காவல்துறையின் வரம்பு மீறலைக் கடுமையாகவே சொன்னது. அதிகாரத்தைக் கேள்வி கேட்கிற படத்தைப் போடுங்கள். பிணத்தையும் ரத்தத்தையும் நெருக்கத்தில் காட்டுகிற படம் யாரையும் கேள்வி கேட்பதில்லை. அது ஒரு வீட்டாரின் துக்கத்தைத் தெருவில் வைப்பது.

5. ஒளிபரப்பாத காட்சியை அழித்துவிடவும் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையான இடத்தில் கிடந்த, புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவில் பத்துப் படங்கள்தான் இருந்தன. மனித வெடிகுண்டாக வந்த தணுவையும் கூட்டாளி சிவராசனையும் அடையாளம் காட்டியவை அவை. அசல் கோப்பை வெட்டாமல், இசை சேர்க்காமல் வைத்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

6. சிலை, கொடி, பெயர்ப்பலகை சம்பந்தப்பட்ட செய்தி வந்தால் தாசில்தாரிடமும் டி.எஸ்.பி.யிடமும் பேசாமல் போடாதீர்கள். 1997இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு, தேவேந்திரகுல மக்கள் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டி ரத்தம் சிந்தி, கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது.

7. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் பெயர், முகம், பள்ளி எதுவும் வெளியே வரக்கூடாது. சட்டமும் அதையே சொல்கிறது.

8. ஒரு வருடம் கழித்து அந்த ஊருக்குத் திரும்பிப் போங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் உடன் படித்தவர்களால் வெட்டப்பட்ட மாணவர், அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் தேறினார். அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டிவரத் தடை வேண்டும் என்பதும் அதில் ஒரு பரிந்துரை. உங்கள் பகுதிப் பள்ளிகளில் அந்த அறிக்கைக்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது? போய்ப் பார்த்து எழுதுங்கள்.